ஒரு நீச்சல் குளத்தை முன்வைத்து

இடிக்கப்பட்டுவிட்ட ஒரு நீச்சல் குளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சற்றுச் சங்கடமாக இருக்கிறது. பால்யத்தைப் பற்றி எழுதுவதில் நமக்கு இருக்கும் சரளம் சந்தேகத்துக்குரியது. இழந்துவிட்டதாகச் சொல்லப்படும் எந்த இடமும் தமிழில் உடனே புனிதமாகிவிடுகிறது. திண்ணை, வேப்பமரம், கோயில் குளம், பாட்டி. அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது என்ற விசாரம் அநேகமாக எழுவதில்லை. எழுதுகிறவன் தன் இளமையை இழந்துவிட்டான் என்பதைத் தவிர அவற்றில் வேறு செய்தி இல்லை. இளமையை எல்லோரும்தான் இழக்கிறார்கள். அதற்கு ஒரு கட்டடத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கேள்வியைக் குறுக்கிக்கொள்கிறேன். ஒரு பொது இடம் முறைப்படி, தகுந்த காரணங்களுடன், யாரையும் வஞ்சிக்காமல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்படுகிறது. இதில் யாருக்காவது அநீதி இழைக்கப்பட்டதா? இல்லையென்றால், அதைப் பற்றிய என் துக்கத்துக்கு என்ன அந்தஸ்து?

நான் சொல்லும் குளம் சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இருந்த யான் கிட் நீச்சல் குளம். 1952-ல் கட்டப்பட்டது. மவுண்ட் எமிலியில் 1931-ல் திறக்கப்பட்டதற்கு அடுத்தபடியாக அந்த ஊரின் இரண்டாவது பொது நீச்சல் குளம் இதுதான். பெயர் அது இருந்த தெருவின் பெயர். தெருவின் பெயர் ஒரு சீனப் பல் மருத்துவருடையது. ஐரோப்பியர்கள் தங்களுக்கென்று ஒரு நீச்சல் சங்கத்தை 1894-லேயே அங்கே தொடங்கியிருந்தார்கள். சீனர்களில் வசதியானவர்களுக்கும் அவர்களுடைய சங்கம் இருந்தது. சங்கம் எதிலும் சேர முடியாதவர்கள் சில்லறை கொடுத்து இறங்குவதற்கு ஏற்பட்டவை இந்தப் பொதுக் குளங்கள்.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுப்பவர். நாங்கள் அந்த வட்டாரத்தில் ஒரு வாடகை அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நான் 1988-ல் பிறந்தேன். 1998-ல் அப்பாவுக்கு வேலை போயிற்று. 1999-ல் ஊர் திரும்பினோம். 2001-ல் குளம் மூடப்பட்டது. ஆக, அதன் கடைசி வருஷங்களில் சிலவற்றை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவையும் பெரிதாக ஒன்றுமில்லை. குளோரின் வாடை. வெறுங்காலில் சுடும் சிமெண்டுத் தரை. ஈரக் கையால் தொட்டதில் நைந்துபோன நுழைவுச் சீட்டு. விசில் ஊதும் காவலர். ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த பிறகு விளக்குகளைச் சுற்றித் தெரியும் வண்ண வளையம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை அழைத்துப் போவார். அம்மாவும் வருவாள், ஆனால் வேலிக்கு வெளியே, துண்டையும் மாற்று உடையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. ஆழம் குறைந்த பக்கம் இறங்கி இடுப்பளவு நீரில் நிற்பார். நின்றவுடன் ஒரு காரியம் செய்வார்: மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்பிச் சுற்றிலும் பார்ப்பார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இது நடக்கும். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் என் வயதுப் பையன் ஒருவன் என் கையைத் தேய்த்துப் பார்த்து, இந்தக் கறுப்பு தண்ணீரில் போகாதா என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கேட்டவன் தண்ணிய விட்டு ஏறுனானா?”

“இல்லப்பா. அங்கதான் நிக்கறான்.”

“அப்ப விடு. நீ போய் வெளையாடு.”

எனக்கு அப்போது அது ஆறுதலாகவே இல்லை. அவர் எனக்காகப் பேசாமல் நழுவுகிறார் என்று பட்டது. இது எந்தக் கணக்கில் வந்த பதில் என்பது ஊர் திரும்பிச் சில வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் காவிரிக் கழிமுகத்தில் ஒரு கிராமம். எங்கள் தெரு ஊரில் சேராது. ஊர்க் குளத்துக்கு நான்கு பக்கமும் படித்துறை உண்டு. எங்களுக்கு நான்கில் எதுவும் கிடையாது. தெருவுக்குப் பின்னால் மாடு கழுவும் குட்டை ஒன்று இருந்தது. அப்பாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஊர்க் குளத்தில் இறங்கிவிட்டார். அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்களாம். “யாரும் அடிக்கல தம்பி. ஒரு வார்த்த சொல்லல. ஒவ்வொருத்தரா ஏறிட்டாங்க” என்றார். தண்ணீரில் அவரும் கன்றும் மட்டும் நின்றிருக்கிறார்கள். சாயந்திரம் தாத்தாவைக் கூப்பிட்டு அபராதம் போட்டதும், குளத்துக்கு ஏதோ சாந்தி செய்ததும் பிறகு நடந்தவை. அவற்றையெல்லாம் அவர் வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொல்லிக்கொண்டு போனார். அவர் குரல் மாறியது அந்த ஒரே இடத்தில்தான். ஒவ்வொருத்தரா ஏறிட்டாங்க.

கடல் தாண்டிப் போய், நாற்பதைக் கடந்த வயதில், கட்டணம் கட்டி இடுப்பளவு நீரில் நின்று, அவர் சுற்றித் திரும்பிப் பார்த்தது யார் ஏறுகிறார்கள் என்பதைத்தான். யாரும் ஏறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சரிபார்த்துக்கொண்டார்.

இங்கே நின்றுவிட்டால் இதுவும் ஓர் உருக்கமான கதையாகிவிடும். ஆனால் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் குளத்தில் யாரும் ஏறாததற்குக் காரணம் சமத்துவமா, அலட்சியமா? அங்கே இருந்த சீனக் கிழவருக்கும் மலாய்ப் பையனுக்கும் அப்பாவின் ஜாதி தெரியாது. தெரிந்தாலும் அர்த்தமாகியிருக்காது. அவர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை; கவனிக்கவே இல்லை. என் கையைத் தேய்த்துப் பார்த்த பையன் அவர்களிடமும் அவர்களுக்கான அளவுகோல்கள் உண்டு என்பதற்கு அத்தாட்சி. பக்கத்து வீடுகளில் யார் யார் இருக்கலாம் என்பதற்கே 1989 முதல் இனவாரியான வரம்பு வைத்திருக்கும் அரசு அது. கலந்து வாழ்வது அங்கே ஏற்பாடாகச் செய்யப்பட்ட விஷயம். மனம் கனிந்து நடந்ததல்ல. அப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டுக்கு தார்மீக மதிப்பு உண்டா?

அம்பேத்கர் 1936-ன் ‘ஜாதி ஒழிப்பு’ உரையில் சகோதரத்துவத்தைப் பற்றிப் பேசும்போது, தம் ஆசிரியர் ஜான் டூயியிடமிருந்து ஒரு உயிரியல் சொல்லை எடுத்துக்கொள்கிறார். சவ்வூடு பரவல். ஒரு சவ்வின் வழியே நீர் கசிந்து மறுபுறம் கலப்பது. ஒரு சமூகத்தின் பகுதிகள் தமக்குள் அப்படிக் கசிந்து கலக்க வழியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இந்தச் சொல்லைப் பற்றி நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கலப்பதற்கு நீரின் இரு பக்கமும் பரஸ்பரம் அன்பு கொண்டிருக்க வேண்டியதில்லை. அவை ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் சவ்வு நீரை விட வேண்டும். அவ்வளவுதான். அன்பு பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

1927 மார்ச் 20 அன்று அவர் தலைமையில் மஹாட் ஊரின் சவதார் குளத்துக்குப் போனவர்கள் கேட்டதும் அன்பை அல்ல. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-லேயே தீர்மானித்திருந்தது. நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்திருந்தது. காகிதத்தில் இருந்த உரிமையைக் கையால் முகந்து குடித்தார்கள். அதற்குப் பதிலாக ஊரார் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் 108 பானைகளில் கொண்டு மந்திரம் சொல்லிக் குளத்தைச் சுத்திகரித்தார்கள். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937-ல்தான் முடிந்தது. குடித்தவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. எங்கள் ஊர்க் குளத்து சாந்தியை நினைத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறவனுக்கு, அலட்சியம் ஒரு சாதாரண விஷயமல்ல. கவனிக்கப்படாமல் இருப்பது அவனுக்கு முதல் விடுதலை. அது போதாது என்று சொல்கிற உரிமை, அது ஏற்கனவே கிடைத்துவிட்டவர்களுக்குத்தான் உண்டு என்று சில சமயம் எனக்குத் தோன்றுகிறது.

நம் இலக்கியத்தில் படித்துறைகள் நிறைய. தஞ்சை எழுத்தை நீரை எடுத்துவிட்டுக் கற்பனை செய்ய முடியாது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டே நான் ரகசியமாக வாசித்தது இவர்களைத்தான். இன்றும் விடியற்காலைப் படித்துறை ஒன்றை நல்ல உரைநடையில் படித்தால் மனம் குளிர்கிறது. ஆனால் அந்தப் படிகளை நான் படித்ததுதான். என் ஜனங்கள் இறங்கியவை அல்ல. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு படித்துறையின் அழகை முழுமையாக அனுபவிக்கிற பிரக்ஞைக்கு, அதில் யார் இல்லை என்பது தெரியாமல் போகிற வாய்ப்பு அதிகம் என்பதே நான் சொல்வது. இதே அளவுகோலை என் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் அம்மா வருகிறாள்.

அம்மா ஏன் வேலிக்கு வெளியே நின்றாள்? யாரும் அவளைத் தடுக்கவில்லை. நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்பது விதி. புடவை கட்டியவளுக்கு அந்த விதி போதுமானது. அப்பா தன்னைச் சுற்றி யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இறங்கவே இல்லாத ஒருத்தி இருபதடி தூரத்தில் வெயிலில் நின்றாள். அவர் சுற்றிப் பார்த்ததில் அவள் அகப்படவில்லை. இத்தனை வருஷ நினைவுகூரலில் என்னிடமும் அகப்படவில்லை. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோது அவள் கையிலிருந்த துண்டு ஞாபகத்தில் இருந்தது. அவள் முகம் இல்லை. எந்தப் பொது இடமும் முழுக்கப் பொது அல்ல என்பதற்கு நான் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி இடிப்பு. பராமரிப்புச் செலவு ஏறியதும் வருகிறவர்கள் குறைந்ததும் மூடியதற்குக் காரணங்கள். மூடிய பின் சுமார் பத்தாண்டு வெறுமனே கிடந்து, பிறகு இடிக்கப்பட்டது. மவுண்ட் எமிலி குளம் அதற்கு வெகுமுன்பே, 1980-களின் தொடக்கத்தில் போய்விட்டது. யான் கிட்டுக்கு நடக்கும் தூரத்தில் 1932-ல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையம் இருக்கிறது. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அங்கே ரயில் நின்றுவிட்டது; ஆனால் அந்த வருஷமே கட்டடம் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் முகப்பில் வெள்ளைச் சலவைக்கல்லில் நான்கு பெரிய உருவங்கள் உண்டு. குளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பார்க்க லட்சணமானது நினைவுச் சின்னமாகிறது. உபயோகத்தில் மட்டுமே இருந்தது, உபயோகம் குறைந்ததும் போய்விடுகிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குளத்தை ஒரு சின்னமாக்கி, நீரில்லாமல் பாதுகாத்திருந்தாலும் எனக்கு அதில் திருப்தி வந்திருக்காது.

என்னை உறுத்துவது, வருகிறவர்கள் குறைந்தார்கள் என்ற அந்த ஒரு காரணம்தான். எங்கே போனார்கள்? சிலர் வேறு வட்டாரங்களின் புதிய, பெரிய பொதுக் குளங்களுக்கு. வசதி வந்த சிலர் தனியார் அடுக்கு வீடுகளின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் குளங்களுக்கு. அங்கே யாரும் யாரையும் விலக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள்.

இந்த வாக்கியத்தை நான் நியாயமில்லாமல் பயன்படுத்துகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே வருகிறது. நோக்கம் வேறு, விளைவு வேறு. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் தனித்தனியாக நகராட்சி நீச்சல் குளங்கள் இருந்தன. பிரித்து வைப்பது செல்லாது என்று 1960-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் சொன்னதும், நகராட்சி பூங்காக்களைப் பொதுவாக்கிற்று. குளங்களை மட்டும் மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1971-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் ஒரேமாதிரி மூடப்பட்டிருப்பதால் சமத்துவம் மீறப்படவில்லை என்றது பெரும்பான்மை. சட்டத்துக்கு இது ஒருவேளை சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படிக்கும் யாருக்கும் அதில் ஏதோ ஒன்று கணக்கில் வராமல் போய்விட்டது தெரியும். ஜாக்சனில் இருந்த துவேஷம் யான் கிட்டில் இல்லை. அதனால்தான் யான் கிட் எனக்கு அதிகக் கடினமான கேள்வியாக இருக்கிறது. துவேஷம் இருந்தால் குற்றவாளியைக் காட்டலாம். இங்கே அப்படிக் காட்ட ஒருவரும் இல்லை.

நான் இப்போது கழிமுகத்திலேயே ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. என் முன்னால் ஒரு டோக்கன் இயந்திரம் இருக்கிறது. அதற்கு எண் மட்டும்தான் தெரியும். நாற்பத்தொன்றுக்குப் பின் நாற்பத்திரண்டு. நிலக்காரர் ஒருவர் மாதாமாதம் வருவார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். பணத்தை என் கையில் தர மாட்டார். பலகையில் வைத்து விரலால் தள்ளுவார். மிச்சத்தையும் நான் பலகையில்தான் வைக்க வேண்டும். ஆனால் தன் எண் வரும்வரை, எங்கள் தெருக்காரர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஏற முடியாது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒருமுறை இதைச் சொன்னேன். “ஒக்காந்திருக்காருல்ல?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். சென்ற வருஷத்திலிருந்து நிலக்காரர் வருவதில்லை. மகன் கைபேசியிலேயே எல்லாம் செய்து கொடுத்துவிடுகிறான். பெஞ்சில் கூட்டம் குறைந்திருப்பதில் மேலிடத்துக்கு மகிழ்ச்சி. எனக்கும் வேலை குறைவு.

ஊர்க் குளத்தின் கதையும் இதேதான். வீட்டுக்கு வீடு மோட்டார் வந்துவிட்டது. எல்லோரும் அவரவர் கொல்லையில் குளிக்கிறார்கள். குளத்தை ஆகாயத் தாமரை மூடியிருக்கிறது. இன்று நான்கு படித்துறைகளில் எதில் நான் இறங்கினாலும் கேட்க ஆளில்லை. இதை முன்னேற்றம் என்று சொல்கிறவர்கள் உண்டு. யாரும் மனம் மாறி எங்களுக்கு வழிவிடவில்லை. வழி உபயோகமற்றுப் போயிற்று. ஒரு அநீதி தீர்க்கப்படாமலேயே காலாவதியாக முடியும் என்பதை நான் அந்தக் குளத்தங்கரையில் நின்று தெரிந்துகொண்டேன்.

2018-ல் மாமா பெண் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் போனபோது யான் கிட் தெருவுக்குப் போனேன். குளம் இருந்த இடத்தில் விளையாட்டுத் திடல். கொஞ்ச தூரத்தில் 2009-ல் எழுந்த ஐம்பது மாடிக் குடியிருப்புகள். வயதானவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் சீட்டு கேட்கவில்லை. நான் நின்ற இடம் ஆழமான பக்கமா, ஆழம் குறைந்த பக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“தண்ணியே இல்லையா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. வெறும் தரைதான். நீங்க நிப்பீங்களே, அந்த இடம்கூடத் தெரியல.”

அம்மா வாங்கிப் பேசினாள். “ஏன்டா, அப்ப யார் வேணும்னாலும் உள்ள போவலாமா?”

போகலாம் என்றேன். “நல்லதுதானே” என்றாள்.

அவள் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அவளுக்கு அந்த இடிப்பு ஒரு வேலியை எடுத்தது. அப்பாவுக்கு அது தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்ட ஒரே இடத்தை எடுத்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மற்றொன்றால் கழித்து விடை காண நான் தயாராக இல்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அந்தக் குளத்தை மூடியதில் எந்த மனிதனுக்கும் அநீதி இழைக்கப்படவில்லை. ஆனால் நீதி இருக்கிறதா இல்லையா என்று ஒரு மனிதன் இறங்கி நின்று திரும்பிப் பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று குறைந்தது. அப்படிப்பட்ட இடங்கள் தாமாக முளைப்பதில்லை. யாரோ தீர்மானித்து, பொதுப் பணத்தைச் செலவிட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. வரவு செலவு பார்த்து அவற்றை மூடுகிறவர்களின் ஏட்டில், என் அப்பா சுற்றித் திரும்பிப் பார்த்ததை எழுத ஒரு பத்தி கிடையாது. என் துக்கத்துக்கு ஏதாவது அந்தஸ்து உண்டென்றால், விடுபட்ட அந்தப் பதிவைச் செய்வதுதான் அது. அதற்கு மேல் அந்தக் குளத்தின் மீது எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

அப்பா 2020-ல் இறந்தார். ஊர் திரும்பிய இருபத்தொரு வருஷத்தில் அவர் ஊர்க் குளத்துப் பக்கம் போனதே இல்லை. தடை இல்லை என்று நான் ஒருமுறை சொன்னபோது, “யாருமே இல்லாத தண்ணில எறங்கி என்ன பாக்கறது?” என்றார்.